யாரும் கேட்காத கேள்வி

பிப்ரவரி 6, 2024

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் உணவியல் ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம், மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இன்று தாயுடன் வந்தாள். அவள் கொண்டுவந்த பரிந்துரைச் சீட்டில் "எடை குறைக்க வேண்டும்" என்று மட்டுமே எழுதியிருந்தது. தாயை வெளியே அமரவைத்துவிட்டு, சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடியாமல் போவதுண்டா என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமலிருந்தவள், பள்ளியில் மதிய உணவைத் தொடாமலிருந்துவிட்டு, வீட்டார் உறங்கியபின் ஃபிரிட்ஜைத் திறந்து, வெளிச்சம் தெரியாதபடி உள்விளக்கின் பொத்தானை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டோர்ட்டியா எனும் ஆறிப்போன மெக்சிகோ ரொட்டிகளை நின்றபடியே தின்று தீர்ப்பதாகச் சொன்னாள். இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லையாம்.

பிப்ரவரி 13

உண்ணும் முறையைக் குலைக்கும் மனநோயான உணவுக்கோளாறு என்றதும் எலும்பும் தோலுமான வெள்ளைக்காரப் பெண்ணின் உருவமே பலர் மனத்தில் எழுகிறது. ஆனால், 2002-03இல் அமெரிக்காவில் வாழும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), ஆசிய மக்களிடையே நடந்த தேசிய ஆய்வில், லத்தீனோக்களிடம், எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உண்ணாமல் மெலியும் அனோரெக்சியா அரிதாகவும், கட்டுப்பாடிழந்து உண்ணும் கோளாறு அதைவிடப் பரவலாகவும் காணப்பட்டது. அந்தக் கோளாறு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றதே 2013இல்தான்.

வறுமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏழைகளுக்கு இலவசமாக உணவு வழங்கும் இதே நகரின் உணவு வங்கிக்கு வந்த பெரியவர்களை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை, வீட்டில் பசி கடுமையாக இருந்தவர்களிடமே உணவுக்கோளாறின் அறிகுறிகள் மிகுதி என்று காட்டியது. அலமாரி காலியாவதும் திடீரென நிரம்புவதுமாக உள்ள வீட்டில், கிடைத்தபோது அள்ளித் தின்னும் பழக்கம் உடம்பில் ஊறிவிடுகிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்து "குறைத்துச் சாப்பிடு" என்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

பிப்ரவரி 20

பாட்டியும் வந்திருந்தார். பேத்தியை "கோர்தித்தா" என்றே அழைக்கிறார். நம் வீடுகளில் "குண்டம்மா" என்பதைப் போலக் கொஞ்சல்தான். தட்டில் மீதம் வைத்தால் அவர் மனம் நோகும். அதே வீட்டில், ஏப்ரலில் வரும் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவான கின்சியன்யேராவுக்கு எடுத்த கவுன் இடுப்பில் ஏறவில்லை என்ற பேச்சும் தினம் நடக்கிறது. உண்ணவும் வேண்டும், மெலியவும் வேண்டும். இரண்டையும் அன்பு வைத்தவர்களே கேட்கும்போது அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

மார்ச் 5

மகளையே மொழிபெயர்க்க வைக்காமல், ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை அமர்த்தித் தாயிடம் பேசினேன். உளவியல் சிகிச்சைக்கு உடனே சம்மதித்தார். கிளம்பும்போது, கவுனின் இடுப்புத் தையலைப் பிரித்து இரண்டு அங்குலம் விடச் சொல்லி நேற்றே தையற்காரியிடம் கொடுத்துவிட்டதாகத் தணிந்த குரலில் சொன்னார்.