ஓசூரை எந்தக் கொத்தில் வைப்பது?

தர்மபுரியில் 10, கிருஷ்ணகிரியில் 10, ஆக 20 ஊராட்சி ஒன்றியங்கள். பொருளாதாரத்தில் எது எதற்கு இணை என்று பிரிக்கக் கொத்துப் பகுப்பாய்வுதான் (ஒத்தவற்றை ஒரே கொத்தாகச் சேர்க்கும் கணக்கு) வசதியான முறை. மென்பொருள் ஒரு நொடியில் பிரித்துத் தந்துவிடும். தப்பெல்லாம் அதற்கு முன்னால், அட்டவணை போடும்போதே நடந்துவிடுகிறது.

முதலில் அலகு. ஒரு ஒன்றியத்தில் ராகி 4,000 ஹெக்டேர், எழுத்தறிவு 60 சதவீதம்; இன்னொன்றில் 1,500 ஹெக்டேர், 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் எவ்வளவு தூரம் என்று அறிய வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவார்கள்; அப்படி வர்க்கப்படுத்தினால் ராகிக்கு 62,50,000, எழுத்தறிவுக்கு வெறும் 225. எழுத்தறிவைச் சேர்த்தும் சேர்க்காத மாதிரிதான். ஒவ்வொரு மாறியிலும் (ராகி, எழுத்தறிவு போன்ற அளவு) சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) வகுக்க வேண்டும்; இதுதான் திட்டப்படுத்துதல். ராகியின் திட்ட விலக்கம் 1,250, எழுத்தறிவுக்கு 5 என்றால் வித்தியாசங்கள் 2, 3 என்று ஆகின்றன. எழுத்தறிவுதான் இப்போது பெரிது.

அடுத்தது ஓசூர். தொழிற்சாலைத் தொழிலாளர் எண்ணிக்கையில் அது மட்டும் எங்கோ நிற்கும். திட்ட விலக்கத்தையே ஊதிவிடும். மற்ற 19 ஒன்றியங்களும் ஒரே புள்ளியில் நெருக்கியடித்துக்கொள்ளும், தளியும் அரூரும் ஒன்று போலத் தெரியும். ஆயிரம் பேருக்கு எத்தனை தொழிலாளர் என்று மாற்றி, 1 கூட்டி, மடக்கை (log) எடுத்துவிட்டுப் பிறகு திட்டப்படுத்துங்கள். அப்போதும் ஓசூர் தனியே நின்றால், அதை ஒதுக்கி வைத்து 19-ஐ மட்டும் பிரியுங்கள். அதை அறிக்கையில் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

தொழிலாளர், மின் நுகர்வு, வங்கி வைப்பு மூன்றையும் போட்டால், அவை சேர்ந்தே ஏறி இறங்குவதால், ஒரே விஷயத்தை மூன்று தரம் எண்ணுகிறோம். இந்தியப் புள்ளியியலாளர் மஹலனோபிஸ் 1936-இல் தந்த தூர அளவை இந்த ஒட்டுறவைச் சரிசெய்யும். ஆனால் 6 மாறிகளுக்கே 21 மாறுபாட்டு எண்களை (ஒவ்வொரு மாறியின் சிதறலும், இரண்டிரண்டு மாறிகள் சேர்ந்து மாறும் அளவும்) 20 ஒன்றியங்களின் வரிசைகளிலிருந்து கணிக்க வேண்டும். விடை ஆட்டம் காணும். மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே மேல்.

மா ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் குறையும். ஒற்றை வருஷ மகசூலை நம்பினால் கொத்து மாறிவிடும். நாலு வருஷச் சராசரி எடுங்கள். 2004 பிப்ரவரிக்கு முந்தைய தர்மபுரிப் புள்ளிவிவரத்தில் கிருஷ்ணகிரியும் சேர்ந்தே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பிறகு வார்டு (Ward) என்பவரின் முறையில், நெருங்கிய ஒன்றியங்களைப் படிப்படியாக இணைத்துக் காட்டும் மரப்படம் வரைந்து, இணைப்பு உயரம் திடீரென எகிறும் இடத்தைப் பார்த்துக் கொத்துகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். அதே எண்ணிக்கையில் கே-மீன்ஸை (ஒவ்வொன்றையும் அருகிலுள்ள கொத்து மையத்தில் சேர்க்கும் முறை) 25 வெவ்வேறு தொடக்கங்களில் ஓட்டுங்கள். ஒரு மாறியை எடுத்துவிட்டால் கட்சி மாறும் ஒன்றியங்களை ‘எல்லையில் உள்ளவை’ என்றே குறிப்பிட வேண்டும்.

கிடைத்த கொத்துகளை அதே மாறிகளால் பாகுபாட்டுப் பகுப்பாய்வு (எது எந்தக் குழு என்று மாறிகளை வைத்துக் கணிக்கும் முறை) செய்து, ‘95 சதவீதம் சரி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த மாறிகளால் பிரித்ததுதானே, சரியாக வராமல் என்ன செய்யும்? அந்த முறைக்குக் குழு வெளியிலிருந்து தெரிந்திருக்க வேண்டும்: 1968-இல் நிதியியல் ஆய்வாளர் ஆல்ட்மன் திவாலான 33 நிறுவனங்களையும் தப்பித்த 33-ஐயும் 5 நிதி விகிதங்களால் பிரித்த மாதிரி. நம் கொத்துகளைச் சோதிக்க, கணக்கில் சேர்க்காத விவசாயக் கூலியை எடுத்து, கொத்துக்குக் கொத்து அது வேறுபடுகிறதா என்று பாருங்கள்.