ரோட்டார் வேகத்துக்கு ஒரு மலிவான மீட்டர்: நான் தேர்ந்தெடுத்த விதம்

சொந்தமாகக் கட்டும் ஜைரோபிளேனில் (தலைக்கு மேல் சுழலும் ரோட்டார் என்ற இறக்கை தூக்கிப் பிடிக்கும் சிறு விமானம்) டேஷ்போர்டு வேலைக்கு வரும்போது கையில் பணம் கரைந்திருக்கும். எஞ்சினுக்கான மீட்டர்கள், வேகமானி, உயரமானி எல்லாம் வாங்கிய பிறகு ரோட்டார் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மீட்டருக்கு என்னிடம் மிஞ்சியது கொஞ்சம்தான். விமானத்துக்கென்றே செய்த ரெடிமேட் மீட்டர்கள் நன்றாக இருக்கின்றன, விலை எனக்கு எட்டவில்லை. அதனால் எது மலிவு என்று தேடுவதற்கு முன், இந்த மீட்டர் எனக்கு எந்த நேரத்தில் தேவைப்படும் என்று யோசித்தேன். அதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது.

பறக்கும்போது ஜைரோவின் ரோட்டாரை எஞ்சின் சுழற்றுவதில்லை. கீழிருந்து மேலாகப் பாயும் காற்றே அதைச் சுழற்றுகிறது. சுமக்கும் எடைக்கு ஏற்ற வேகத்தை அது தானே பிடித்துக்கொள்ளும். இரண்டு பிளேடு கொண்ட சிறிய ஜைரோக்களில் இது பெரும்பாலும் 300 முதல் 400 ஆர்பிஎம்முக்குள் இருக்கும். ஸ்டிக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கம்பி) சட்டென்று முன்னால் தள்ளி ரோட்டாரின் சுமையைக் குறைத்தால் வேகம் விழும். ஆனால் அந்த நொடியில் மீட்டரைப் பார்த்துத் தப்பிக்க முடியாது, பயிற்சிதான் காப்பாற்றும்.

மீட்டர் உண்மையில் உதவுவது தரையில். ப்ரீரோட்டேட்டர் (புறப்படும் முன் ரோட்டாரைச் சுழற்றிவிடும் அமைப்பு) போட்டு ரோட்டாரைச் சுழற்றும்போதும், பிறகு ஓடுபாதையில் வேகம் கூட்டும்போதும். ரோட்டார் போதிய வேகம் எடுக்காத நிலையில் வண்டி முந்திக்கொண்டு ஓடினால், முன்னேறும் பக்கத்துப் பிளேடு அளவுக்கு மீறி மேலெழும், பின்வாங்கும் பிளேடு ஸ்டால் ஆகி, அதாவது தூக்குவிசையை இழந்து, கீழிறங்கும். பிளேடுகள் டீட்டர் ஸ்டாப்பில் (அவை மேலும் கீழும் ஆடுவதற்கான எல்லைத் தடை) இடிக்க, ஸ்டிக் கையில் உதறும். அப்படியே தொடர்ந்தால் பிளேடு ப்ரொப்பெல்லரையோ வாலையோ வெட்டிவிடும். ஆகவே 0 முதல் 250 வரையுள்ள பகுதியை எந்த மீட்டர் தாமதமில்லாமல் காட்டுகிறதோ அதுதான் எனக்கு நல்ல மீட்டர். 350-ஐ அழகாகக் காட்டுவதை எல்லா மீட்டரும் செய்யும்.

மேல் எல்லையையும் கணக்குப் போட்டேன். ரோட்டார் வேகம் சுமையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். நேராகப் பறக்கையில் 350 என்றால், 2 ஜி திருப்பத்தில் (சுமை இருமடங்காகும் திருப்பம்) ஏறக்குறைய 495. சரி, 600 வரை காட்டினால் போதும்.

முதலில் பார்த்தது கார் டேக்கோமீட்டர். முள் வகை என்பதால் ஆசை வந்தது. வேகம் ஏறுகிறதா, நின்றுவிட்டதா என்பதை முள் ஒரே பார்வையில் சொல்லிவிடும், எண்களைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் 8000 வரை போட்ட ஸ்கேலில் 350 என்பது முள் அசைந்ததா என்று சந்தேகப்படும் அளவு. நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கான டேக்கோ சுற்றுக்கு 2 பல்ஸ் (மின் துடிப்பு) எதிர்பார்க்கும். ரோட்டாரிலிருந்து அதைவிட அதிகப் பல்ஸ் கொடுத்து முள்ளை மேலே கொண்டுவரலாம், 20 பல்ஸ் கொடுத்தால் 350 என்பது 3500 ஆகத் தெரியும். நல்ல வழிதான். அதற்கு ஏற்ற பல்லோ துளையோ என் ரோட்டார் ஹெட்டில் (ரோட்டாரைப் பொருத்தும் தலைப்பகுதி) அமையவில்லை.

அடுத்தது சைக்கிள் ஸ்பீடோமீட்டர். இதை ஏளனமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு காந்தம், அது அருகில் வந்தால் இணையும் ஒரு ரீட் சுவிட்ச், தனி பேட்டரி, அவ்வளவுதான். சக்கரச் சுற்றளவை 1667 மில்லிமீட்டர் என்று பதிந்துவிட்டால், திரையில் 35.0 என்று வருவது 350 ஆர்பிஎம். எல்சிடி திரை என்பதால் வெயிலிலும் படிக்க முடியும். விமானத்தின் மின்சாரம் போனாலும் அது ஓடும். குறை ஒன்றுதான், ஆனால் எனக்கு அது பெரிய குறை: திரை புதுப்பிக்க நொடிக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ப்ரீரோட்டேட்டர் போடும்போது எண் பின்தங்கியே வரும். கூடுதல் மீட்டராக வைத்துக்கொள்ளலாம், முதன்மை மீட்டராக மனம் ஒப்பவில்லை.

கடைசியில் எடுத்தது தொழிற்சாலை இயந்திரங்களில் பொருத்தும் டிஜிட்டல் ஆர்பிஎம் மீட்டர். 12 வோல்ட்டில் ஓடுவது, சுற்றுக்கு எத்தனை பல்ஸ் என்று நாமே பதியக்கூடியது. வாங்கும்போது கவனிக்க வேண்டிய விஷயம் அது எப்படி எண்ணுகிறது என்பது. சுற்றுக்கு 1 பல்ஸ் வைத்தால் 300 ஆர்பிஎம்மில் நொடிக்கு 5 பல்ஸ்தான் வரும். ஒரு நொடி முழுக்க எண்ணிவிட்டுக் காட்டும் மீட்டர் 60, 60 ஆகத்தான் தாவும், இடையில் எதுவும் தெரியாது. இரண்டு பல்ஸுக்கு நடுவிலுள்ள நேரத்தை அளக்கும் மீட்டரில் இந்தத் தொல்லை இல்லை. நான் இரண்டாவது வகையை எடுத்து, பல்ஸையும் கூட்டினேன்.

எங்கிருந்து கூட்டினேன்? ப்ரீரோட்டேட்டர் பிடித்துச் சுழற்றும் பல்சக்கரமான ரிங் கியரின் பற்களைத்தான் முதலில் நினைத்தேன். சென்சாரின் முகம் பற்களின் இடைவெளியைவிட அகலமாக இருந்ததால், ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாது. அந்த கியரை ஹப்பில் பிடித்திருக்கும் ஆறு எஃகு போல்ட்டுகள் கைகொடுத்தன. இண்டக்டிவ் ப்ராக்ஸிமிட்டி சென்சார் (தொடாமலே அருகில் வரும் உலோகத்தை உணர்வது) போல்ட் தலைகளைப் பார்க்கிறது, சுற்றுக்கு 6 பல்ஸ். ரோட்டாரில் புதிதாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை என்பதில் எனக்கு மிகுந்த நிம்மதி. காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் போட்டிருந்தால் காந்தம் ஒட்ட வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் 350 ஆர்பிஎம்மில் அந்தக் காந்தத்தை அதன் எடையைப்போல் சுமார் 14 மடங்கு விசை வெளியே இழுக்கும். அப்படிப் போடுபவர்கள் எதிரெதிராக இரண்டு காந்தம் வைத்து, வெறும் பசையை நம்பாமல் குழி தோண்டிப் பதிப்பது நல்லது.

சென்சாரைப் பொருத்தியதில்தான் அதிக நேரம் போனது, போக வேண்டியதும் அங்கேதான். ரோட்டார் ஹெட் ஸ்டிக்கோடு சேர்ந்து முன்பின்னும் பக்கவாட்டிலும் சாயும். சென்சாரை மாஸ்டில் (ரோட்டார் ஹெட்டைத் தாங்கும் தூண்) பிடித்தால் ஒவ்வொரு சாய்விலும் இடைவெளி மாறும், சில நேரம் போல்ட் தலை சென்சாரை இடித்தே விடும். ஹெட்டோடு சேர்ந்து சாயும் பாகத்தில், அதாவது பேரிங் பிளாக்கை ஒட்டி, அதைப் பிடிக்க வேண்டும். ஒயரை அங்கிருந்து மாஸ்டுக்குக் கொண்டுவரும் இடத்தில் தாராளமாக ஒரு வளையம் விட்டு, ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் தள்ளி எங்கும் இழுபடவில்லை என்று பார்த்தேன். பிராக்கெட்டுக்கு மெல்லிய தகடு ஆகாது. இரண்டு பிளேடு ரோட்டார் சுற்றுக்கு இருமுறை உலுக்கும், 350-இல் அது நொடிக்கு ஏறக்குறைய 12 உலுக்கல். மெல்லிய தகடு நாளடைவில் விரிசல் விடும். ஒயர் ஷீல்டு வகை, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். இக்னிஷன் ஒயர்கள் பக்கம் போகவே விடவில்லை.

சரிபார்க்க ஃபோன் போதும். ஒரு பிளேடில் வெளிர் நிற டேப் ஒட்டி, நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் படம் பிடித்தேன். 14400-ஐ ஒரு சுற்றுக்கான பிரேம் எண்ணிக்கையால் வகுத்தால் ஆர்பிஎம். 300 என்றால் சுற்றுக்கு 48 பிரேம். பத்துச் சுற்றை எண்ணினால் பிழை இன்னும் குறையும். ஃபோன் வைத்திருப்பவர் ரோட்டார் வட்டத்துக்கு வெகு தள்ளி நிற்க வேண்டும், ப்ரொப்பெல்லர் ஓடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

சிவப்பு எல்இடி எண்கள் வெயிலில் வெளுத்துப்போகின்றன. திறந்த காக்பிட்டில் இது சாதாரண விஷயமில்லை. மேலே கறுப்புத் தகட்டில் ஒரு மறைப்பு போட்டதும் படிக்க முடிந்தது. எஞ்சின் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்குவதால் மீட்டர் ஒருமுறை அணைந்து எழுகிறது, அது பரவாயில்லை.

எந்த ஆர்பிஎம்மில் ப்ரீரோட்டேட்டரை விட வேண்டும் என்பதற்கு பிளேடு செய்தவரின் கையேடு சொல்லும் எண்ணை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன், அதை மீட்டர் அருகிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். நேர்ப் பறப்பில் வரும் ஆர்பிஎம்மையும் அன்றைய எடை, வெப்பநிலையோடு குறித்து வருகிறேன். ஒரே எடையில், ஒரே மாதிரி வானிலையில் அந்த எண் மாறினால், அடுத்த முறை பறப்பதற்கு முன் பிளேடின் பிட்ச்சையும் (அது பொருத்தப்பட்ட கோணம்) மேற்பரப்பில் படிந்த பூச்சி, அழுக்கையும் பார்ப்பேன்.