சாரம்மா வீட்டு பிடியரிசி

பள்ளிக்கூட மலருக்கு நம்ம கணக்கு சாரைப் பத்தி எழுதித் தாங்கண்ணேன்னு தம்பிமார் வாட்ஸ்ஆப்ல கேட்டப்ப சரின்னுட்டேன், ஆனா உக்காந்து யோசிச்சா சார் முகத்துக்கு முன்னால சாரம்மா முகம்தான் வருது. சாருக்க பிரம்பும் அல்ஜீப்ராவும் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதை வேற யாராவது எழுதுங்க. (வெளியூர்ல வளந்த பிள்ளைங்களுக்காக சொல்லுதேன், நம்ம பக்கம் சாருக்க வீட்டம்மா சாரம்மாதான், பேரைச் சொல்லி யாரு கூப்பிட்டா.)

எட்டாங்கிளாஸ்ல இருந்து சார் வீட்டுத் திண்ணையில எனக்கு டியூஷன். பீஸ் கிடையாது. அடுக்களையில அரிசிப் பானைக்குப் பக்கத்துல ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும், ஒவ்வொரு நேரமும் உலைக்கு அளந்த அரிசியில இருந்து ஒரு பிடி அள்ளி அதுல போட்டுட்டுத்தான் சாரம்மா மிச்சத்தைக் களைவாங்க. சிஎஸ்ஐ கிறிஸ்தவ சபைக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம், பிடியரிசி, டின் நிறைஞ்சதும் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகும். எனக்கு அப்ப இது ஒண்ணும் தெரியாது, நாங்க சுடலைமாடன் கும்பிடுற குடும்பம், எனக்குத் தெரிஞ்சது பசி மட்டும்தான். தண்ணி குடிக்கப் போற சாக்குல டின்னைத் திறந்து ஒரு வாய் அரிசியை அள்ளிப் போட்டு மென்னுக்கிட்டே வந்து கணக்கு போடுவேன். ஒரு மாசம்போல இப்படி ஓடிச்சு. ஒருநாள் வாய் நிறைய அரிசியோட திரும்பினா சாரம்மா அடுக்களை வாசல்ல நிக்காங்க.

"மக்ளே, அது கோயிலுக்கு உள்ளதாக்கும்."

அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்கு துப்பவும் முடியல முழுங்கவும் முடியல. மறுநாள் திண்ணையில உக்காந்தா கஞ்சியும் பயறும் தேங்காத் துவையலும் வருது, எனக்கு மட்டும் இல்ல, இருந்த ஆறு பேருக்கும் விளம்பினாங்க. நாங்க பத்தாங்கிளாஸ் முடிக்கிற வரைக்கும் அந்தக் கஞ்சி நிக்கல.

நாங்க கணக்கு போடும்போது அவங்க நடையில உக்காந்து லேஸ் பின்னுவாங்க. மடியில வைக்கோல் அடைச்ச திண்டு, அதுல குத்தின ஊசிங்க, நூல் சுத்தின மரக்குச்சிங்க பத்து இருபது தொங்கும், கை போற வேகத்துக்கு டக்டக்டக்னு ஒரு சத்தம். நாங்க பேச ஆரம்பிச்சா அந்தச் சத்தம் நிக்கும், நின்னா நாங்களும் நிறுத்திருவோம். 1820-கள்ல மிஷனரி மால்ட் துரை பெஞ்சாதி நாகர்கோவில் பெண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்த வேலை அது, சாரம்மாவுக்கு அவங்க அம்மை சொல்லிக் குடுத்தது. பிறந்த ஊரு மயிலாடி. ரிங்கல்தௌபே ஐயர்ங்கிற மிஷனரி 1809-ல கோயில் கட்டின ஊராக்கும்னு அதுல ஒரு பெருமை உண்டு, சார் கிண்டல் பண்ணினா ரெண்டு நாள் பேச மாட்டாங்க. கோவக்காரிதான், அதையும் எழுதணும்ல, செத்துப்போனவங்க எல்லாரும் சாந்த சொரூபின்னு எழுதுறது எனக்குப் பிடிக்காது.

1982 மார்ச் மாசம், மண்டைக்காடு கலவரம், இந்துக்களுக்கும் கிறிஸ்தவங்களுக்கும் நடந்தது. நான் ஒன்பதாங்கிளாஸ். ஊர் முழுக்க வதந்தி, பஸ் இல்ல, டியூஷனுக்குப் போன நான் சார் வீட்டுல மாட்டிக்கிட்டேன். இருட்டினதும் சார் டார்ச்சோட முன்னால, சாரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு பின்னால, தோப்பு வழியா என்னை வீட்டுல கொண்டு விட்டாங்க. கிளம்புறதுக்கு முன்னால பயத்துல நான் நெத்தியில இருந்த திருநீறை சட்டைக் கையால அழிச்சிருந்தேன். வழியில யாரும் வரல, ஒண்ணும் நடக்கல. எங்க வீட்டு முடுக்குல நின்னு என் நெத்தியைப் பாத்துட்டு, "உள்ள போனதும் திருப்பிப் பூசிக்கோ, உங்கம்மை கேப்பா"ன்னாங்க. இந்த நாப்பது வருசத்துல எத்தனையோ பேர் என்கிட்ட மதம் பேசியாச்சு, அந்த ஒரு வரி மாதிரி ஒண்ணும் நிக்கல.

2001-ல சாருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துட்டு. ஒன்பது வருசம் கட்டில்ல. மஸ்கட்ல இருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் போவேன். முகம் வழிச்சு, பவுடர் போட்டு, கிளாஸ் எடுக்கப் போற மாதிரி வெள்ளைச் சட்டை மாட்டி சாரை உக்கார வச்சிருப்பாங்க, பேப்பரை தலைப்புல இருந்து கடைசிப் பக்க விளம்பரம் வரைக்கும் சத்தமா வாசிப்பாங்க. தப்பா வாசிச்சா சார் இடது கையால கட்டில்ல ஒரு தட்டு. ஒரு தடவை விடியக்காலம் திருவனந்தபுரத்துல இறங்கி நேரா அங்க போயிட்டேன், உள்ள ஜெபம் நடக்குது, வெளிய நின்னேன். "ஆண்டவரே, இவரை முந்திக் கூப்பிடும், நான் பிந்தி வாறேன். நான் போனா இவருக்கு ஆரு முகம் வழிச்சு விடுவா?" பூவோட பொட்டோட போகணும்னு எங்க அம்மை கோயில் கோயிலா வேண்டினதைப் பாத்து வளந்தவன் நான். எனக்குக் கொஞ்ச நேரம் கதவைத் தட்டவே கை வரல.

கேட்டது கிடைச்சுது. சார் 2010-ல போனாங்க, சாரம்மா அதுக்கப்புறம் பேரப்பிள்ளைங்களுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்டு பார்சல் அனுப்பிக்கிட்டு, அதுங்களை போன்லயே பைபிள் சங்கீதம் மனப்பாடம் சொல்ல வச்சு, சொன்னாத்தான் அடுத்த பார்சல்னு மிரட்டிக்கிட்டு இருந்தாங்க.

போன ஜனவரியில அவங்களும் போயிட்டாங்க. எனக்கு லீவு கிடைச்சு நான் போய்ச் சேரும்போது ரெண்டு வாரம் ஆயிட்டு. பேத்தி ஒருத்தி தனியா அடுக்களையைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தா. பானை காலி. டின்னை எடுத்துப் பாத்தேன், வேற டின்தான், ஆனா முக்கால்வாசி அரிசி இருக்கு. ஒத்தை ஆளுக்கு உலை வச்சதுல இருந்தும் அள்ளிப் போட்டிருக்காங்க. நான் பாட்டுக்கு நாலு அரிசியை எடுத்து வாயில போட்டேன்.

பேத்தி திரும்பிப் பாத்து, "அங்கிள், அது சர்ச்சுக்கு உள்ளது"ன்னா.