கார்ன்ஃபிளேக்ஸ் போட்ட கறி

ஜனவரி 12, ஞாயிறு

சிகாகோ குளிருக்கு என்னென்னவோ தின்னத் தோன்றுகிறது. இன்றைக்கு மீட்லோஃப், கொத்துக்கறியைப் பிசைந்து ரொட்டி போலப் பிடித்து ஓவனில் சுடுவது. கடையில் விற்கிறதல்ல, மிச்சிகனில் பேட்டில் க்ரீக்கில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி செய்வாரே, அது. பள்ளி விட்டு வந்தால் அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை அக்காவும் நானும் அவர் வீட்டில்தான். மாட்டுக் கொத்துக்கறியில் ரொட்டித்தூளுக்குப் பதில் கார்ன்ஃபிளேக்ஸ் போடுவார். அந்த ஊரில் வேறெதைப் போடுவார்கள்? கெல்லாக், போஸ்ட் என்ற தானிய உணவுக் கம்பெனிகள் இரண்டுமே அங்கே பிறந்தவை. காற்று நம் பக்கம் அடித்தால் தெருவெல்லாம் தானியம் வறுபடும் வாசனை.

என்ன கறி என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே.

அக்காவுக்கு போன் போட்டேன்.

"கார்ன்ஃபிளேக்ஸை நொறுக்க மாட்டாங்கடி. பால்ல ஊறப்போட்டுக் கையால பிசைவாங்க."

"வெங்காயம் நறுக்கியா?"

"துருவி. என்னைத்தானே துருவச் சொல்வாங்க, மறக்குமா?"

ஜனவரி 14, செவ்வாய்

அத்தான் வாட்ஸப்பில் யோசனை சொல்லியிருக்கிறார்: கொழுப்பில்லாத கறி, நல்ல பேக்கரி ரொட்டி, மேலே காளான் சாஸ். நல்ல சமையல்தான், ஆனால் இது அதுவல்ல. கொஞ்சம் கறியை வைத்து நிறையப் பேருக்குப் போடப் பிறந்த பண்டம் இது. உயர்த்தப் பார்த்தால் செத்துப்போகும்.

இன்னொரு வேடிக்கை. டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் கடும் சைவம். தன் சானிடோரியத்து (தங்கிச் சிகிச்சை பெறும் இடம்) நோயாளிகளுக்குக் கறியில்லாத உணவு வேண்டும் என்றுதான் 1894இல் தம்பியோடு சேர்ந்து கோதுமையைச் செதில் செதிலாக உருட்டிப் பார்த்தார். தம்பி டபிள்யூ.கே. 1906இல் சோளச் செதிலுக்குத் தனிக் கம்பெனி தொடங்கினார். அது கடைசியில் மாட்டுக்கறிக்குள் போய்ச் சேர்ந்ததை டாக்டர் பார்த்திருந்தால், பாட்டியைப் பிடித்துப் படுக்கவைத்து எனிமா கொடுத்திருப்பார். மனிதருக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை.

ஜனவரி 18, சனி

வேண்டுமென்றே இரண்டு வகைச் செதில் வாங்கினேன்: சர்க்கரை சேர்க்காத ஆர்கானிக் ஒன்று, சாதாரண கெல்லாக்ஸ் ஒன்று. இரண்டு சின்ன மீட்லோஃப்.

ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம் கொழுப்புள்ள கொத்துக்கறி 350 கிராம், செதில் ஒரு கப், பால் கால் கப்புக்குக் கொஞ்சம் மேல், ஒரு சின்ன முட்டை, துருவிய வெங்காயம், உப்பு, மிளகு. பாலில் போட்டதும் செதில்கள் கொஞ்ச நேரம் முறைப்பாக மிதக்கின்றன. பிறகு ஓரம் தளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, விரலால் தொட்டால் கூழ். அப்போதுதான் கறியைச் சேர்க்க வேண்டும். கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு பார்க்கும் வேலையைத்தான் இங்கே செதில் பார்க்கிறது. சாற்றையும் பாலையும் பிடித்து வைத்துக்கொண்டு, கறி இறுகிக் கட்டியாகாமல் தடுக்கிறது. அதிகம் பிசைந்தால் அதுவும் காப்பாற்றாது.

ஓவன் 350 டிகிரி ஃபாரன்ஹீட். முக்கால் மணி நேரம் போல ஆனது. நடுவில் வெப்பமானி 160 காட்டினால்தான் வெளியே எடுக்கலாம், கொத்துக்கறியில் இதற்குச் சமரசம் கிடையாது. கடைசிக் கால் மணிக்கு மேலே கெட்சப், பிரவுன் சர்க்கரை, கொஞ்சம் கடுகு சாஸ். ஓரங்களில் அது கொதித்துக் கருகி, தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆர்கானிக் துண்டு நன்றாகவே இருந்தது, யார் வீட்டிலோ சாப்பிடுகிற மாதிரி. இன்னொன்றை வாயில் வைத்ததும் பாட்டி வீட்டு மஞ்சள் மேஜை விரிப்பு வந்துவிட்டது. பெட்டியைத் திருப்பிப் படித்தேன்: சோளம், சர்க்கரை, மால்ட், உப்பு. மால்ட்தான்! முளைகட்டிய பார்லியின் அந்த லேசான கருகல் இனிப்பு. இத்தனை வருஷமாக அதைக் கறியின் ருசி என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஆறின துண்டை வெள்ளை ரொட்டிக்கு நடுவில் மயோனைஸ் தடவித் தின்றேன். சூடாகச் சாப்பிட்டதைவிட இதுதான் பிரமாதம். போட்டோ பார்த்த அக்கா, சில நாள் ரைஸ் கிரிஸ்பீஸ் என்கிற அரிசிப்பொரி போட்டும் செய்வார் என்று புதிதாக ஒன்றைக் கிளப்புகிறாள். எனக்கு அப்படி ஞாபகமே இல்லை.

பையன் கருகின ஓரத்தையும் மேல்தோலையும் மட்டும் உரித்துத் தின்றுவிட்டு நழுவிவிட்டான். மிச்சம் ஃபிரீசருக்குப் போயிற்று. அடுத்த தடவை மஃபின் தட்டில் குட்டி குட்டியாகச் சுட வேண்டும், எல்லாருக்கும் ஓரம் கிடைக்கும்.