தேங்காய்த் துருவியில் சோளம்: ஒருவழியாகத் தண்ணீர் விடாத கார்ன் புட்டிங்

நேற்று ஓடிஜி என்கிற சின்ன மின்சார அவனில் இருந்து எடுத்த கார்ன் புட்டிங் தட்டில் கரண்டி போட்டு அள்ளினேன். அள்ளின பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊறவில்லை. பெருமையாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் நன்றி அறிவிப்பு நாள் விருந்துக்கு வைப்பார்களே, அதே இனிப்பும் உப்புமான சோளத் தொடுகறிதான். அங்கே டின்னில் கூழாக வரும் சோளத்தை, கிரீம்டு கார்ன் என்பார்கள், கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் அந்த டின்னுக்கு எங்கே போக? மிக்ஸியில் அடித்தால் தோல் திப்பிதிப்பியாக நாக்கில் நிற்கும். கத்தி முதுகால் சுரண்டச் சொல்வார்கள். பால் பாதி தட்டில், பாதி சுவரில்.

வழி அரிவாள்மணை நுனியில் இருந்தது. அந்தத் துருவிப் பல்லில் கதிரை நீளவாக்கில் வைத்து, நோகாமல் இழுக்கணும். முத்து ஒவ்வொன்றும் கீறிக்கொண்டு, உள்ளே இருக்கிற பாலும் சதையும் மட்டும் கொழகொழவென்று தட்டில் விழும். தோல் கதிரிலேயே ஒட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்கக் கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பணும். ஒரே இடத்தில் அழுத்தினால் நாரும் சேர்ந்து வந்துவிடும். ரெண்டு கையும் கதிரைப் பிடிக்கக் கிடைப்பதுதான் இதில் சௌகரியம். “ஏட்டி, சோளத்தைப் போயா துருவுத?” என்று ஆச்சி சிரித்தாள். சிரிக்கட்டும்.

அந்தப் பாலில் உள்ள மாவுச்சத்து 70 டிகிரி வாக்கில் தானே கெட்டிப்பட்டு முட்டைக்கும் துணை நிற்கிறது. மைதா வேண்டாம். மூன்று கதிர் துருவல், ஒரு கதிர் முத்தாக அரிந்தது, ரெண்டு முட்டை, 150 மில்லி பால், 40 கிராம் வெண்ணெய், வதக்கிய சின்ன வெங்காயம், தட்டின மிளகு, உப்பு. அவ்வளவுதான்.

முட்டை அதிகம் வெந்தால் இறுகித் தண்ணீரைக் கக்கும். என் ஓடிஜியோ 180 வைத்தால் உள்ளே தெர்மாமீட்டரில் 210 காட்டுகிற ரகம். கம்பெனிக்குப் பேசினால் “அது அப்படித்தான் மேடம்” என்கிறார்கள். அதனால் 150இல் வைத்து, தட்டை வெந்நீர் ஊற்றின பெரிய தட்டுக்குள் இறக்கிவிட்டேன். நடுவில் லேசாகத் தளும்பும்போதே எடுத்துவிடணும், மிச்சத்தை உள்சூடு பார்த்துக்கொள்ளும்.

இனிப்புக்கு உடன்குடிக் கருப்பட்டி. சூடான பாலில் போட்டால் திரிந்துவிடும் என்பது பாயசம் வைக்கிறவர்களுக்குத் தெரியும். பாகாக்கி, மண் போக வடிகட்டி, கடைசிப் பத்து நிமிஷத்தில் மேலே தடவினேன். மிளகுக் காரத்தோடு சேரும்போது நல்ல ஜோடி. கோழி வறுவலோடு வைத்தால் தட்டு காலி.

கதிர் மகாராஜநகர் உழவர் சந்தையில் காலையிலேயே வாங்கிவிடுவது உத்தமம். ஸ்வீட் கார்னைப் பறித்து நேரம் ஆக ஆகத் தித்திப்பு குறையும். அடுத்து, சங்கரன்கோவில் பக்கம் கரிசலில் கோழித் தீவனத்துக்குப் போடுகிறார்களே, அந்த மக்காச்சோளத்தில் பால் பிடித்த இளங்கதிர் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கப்போகிறேன். இன்னும் கெட்டியாக வரணும். காருகுறிச்சிக்குப் போய் அகலமான மண்சட்டி ஒன்றும் எடுக்கணும்.

மேல்பக்கம் மட்டும் இன்னும் சிவக்கவில்லை. மேல் கம்பியைத் தனியாகப் போட்டால் ஓரம் கருகுகிறது, நடு வெளுத்தே கிடக்கிறது. தட்டை ஒரு படி கீழே இறக்கிப் பார்க்கணும்.