எல்.எல்.எம். படிப்பவர்களுக்கு: கூடலூரின் இரண்டு வழக்குகள்

எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைத் தேர்வில் 'இன்றைய சட்ட விவாதங்களை ஆராய்க' என்று கேள்வி வந்தால், பலர் அறிஞர்களின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதற்கு மார்க் விழாது. யார், எந்தக் கேள்வியில் முரண்படுகிறார்கள் என்று காட்ட வேண்டும். எனக்குக் கைகொடுத்தவை எங்கள் ஊர் வழக்குகள்தான். நீலகிரி மாணவர்களே, கூடலூர் மண்ணிலிருந்து இரண்டு பெரிய தீர்ப்புகள் வந்திருக்கின்றன.

முதலாவது, ஐ.ஆர்.கோயலோ வழக்கு. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் (ஜென்மி எனும் பரம்பரை நில உடைமையாளரின் நிலம்) ஒழிப்புச் சட்டம் காட்டு நிலங்களையும் அரசுடைமை ஆக்கியது செல்லாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு விடவில்லை. 1974இல் 34ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் சட்டம் முழுவதும், அடிப்படை உரிமை மீறல் என்ற வாதத்திலிருந்து சட்டங்களைக் காக்கும் ஒன்பதாவது அட்டவணைக்குள் போனது. அங்கே போய்விட்டால் கோர்ட் தொட முடியாது என்று நினைத்தார்கள். 2007இல் ஒன்பது நீதிபதிகள், கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்தவற்றை அடிப்படைக் கட்டமைப்போடு உரசிப் பார்க்கலாம் என்றார்கள். விவாதம் இங்கேதான் சூடுபிடிக்கிறது. அடிப்படைக் கட்டமைப்பு என்பது, அரசியலமைப்பின் ஆதார அம்சங்களை நாடாளுமன்றம்கூட அழிக்க முடியாது என்று சொல்லி, அரசியலமைப்புத் திருத்தங்களை அளக்கப் பிறந்த கோட்பாடு. சாதாரணச் சட்டத்தை அதை வைத்து அளக்கலாமா? கூடாது என்றால், அடிப்படை உரிமைகளை மீறும் எந்தச் சட்டமும் அட்டவணைக்குள் ஒளிந்துகொள்ளுமே?

அதே ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் வரும், தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த நிலங்களில் குடியிருப்பவர்கள் பட்டாவுக்காகப் பல ஆண்டுகள் அலைந்ததை எங்கள் பக்கம் எல்லோரும் அறிவோம். இதை விடையில் ஒரு வரியாவது எழுதுங்கள். சொத்துரிமை விவாதம் ஜென்மிக்கும் அரசுக்கும் நடக்கும் சண்டை மட்டுமில்லை.

இரண்டாவது, 1995இல் கூடலூர்க் காடுகளுக்காகப் போடப்பட்ட கோதவர்மன் வழக்கு. 1996 டிசம்பர் 12 ஆணைப்படி, உடைமை யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு என்றால் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அது காடுதான். வழக்கை முடிக்காமல் கோர்ட் தொடர்ந்து ஆணையிட்டது நிர்வாகத்தின் வேலையைப் பறிப்பதா, அரசு தூங்கியதால் வந்த கட்டாயமா? நான் இரண்டாவது பக்கம். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். காட்டிலேயே வாழும் பணியர், காட்டுநாயக்கர் குரலை விட்டுவிட்டு எழுதும் விடை அரைகுறைதான். வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2023 திருத்தமும், அகராதிப் பொருளையே தொடரச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2024 பிப்ரவரி இடைக்கால ஆணையும் இந்த விவாதத்தைத் திரும்பவும் கிளப்பியிருக்கின்றன.

தீர்ப்புகள் உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கோயலோவில் கடைசியில் உள்ள முடிவுகளை முதலில் படித்துவிட்டு, அப்புறம் மேலே போங்கள்.