லோன் ஆப் மிரட்டல்

எங்கள் தெருப் பையன் ஒருவனின் படத்தை ஆபாசமாக வெட்டி ஒட்டி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ‘இவன் திருடன், கடனைக் கட்டச் சொல்லு’ என்று தப்பும் தவறுமான தமிழில் ஒரு வரி. அவன் போனில் நம்பர் இருந்த எல்லாருக்கும் போயிருக்கிறது, பால்காரர் உட்பட. உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், அவன் அம்மாவிடம் துக்கம் விசாரிக்கவும் போகாதீர்கள்.

லோன் ஆப்பில் அவன் கடன் கேட்டது 5,000 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் பிடித்தது போக கைக்கு வந்தது 3,000. ஏழே நாளில் முழு ஐயாயிரமும் கட்டணுமாம். கந்துவட்டிக்காரர்கூட வாசலில் நின்றுதான் கத்துவார்!

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் ஆப்கள் நம் தொடர்பு எண்களையோ கேலரியையோ தொடவே கூடாது. இவற்றுக்கு அனுமதி கேட்டாலே டுபாக்கூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘கட்டித் தொலைச்சிடறேன்ணா’ என்றான். கட்டினால் மட்டும் விடுவார்களா? அடுத்த தொகை கேட்பார்கள். சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடித்து, தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்துவிட்டோம். பயத்தில் பாதி மெசேஜை அழித்து வைத்திருந்தான். மிரட்டல் மெசேஜ், ஸ்கிரீன்ஷாட், யூபிஐ பரிவர்த்தனை எண் எல்லாம்தான் ஆதாரம், அழிக்காதீர்கள். அப்புறம் அந்த ஆப்பைத் தூக்குங்கள்.